யார் யாருக்கு எழுதுகிறார்: மைசூருச் சுவடியும் இணங்கவைக்கும் கலையும்

1. கேள்வி

பேச்சாலும் எழுத்தாலும் ஒருவரை இணங்கவைக்கும் வழிகளை மூன்றாக வகுத்தவர் அரிஸ்டாட்டில். பேசுபவர் தம் பேச்சினாலேயே உண்டாக்கிக்கொள்ளும் நம்பகம் ஒன்று. கேட்பவரின் உணர்ச்சியைத் தூண்டுவது இன்னொன்று. ஏதுவும் சான்றும் காட்டி நிறுவுவது மூன்றாவது. எத்தோஸ், பாத்தோஸ், லோகோஸ் என்னும் இந்த மூன்று பெயர்களும் இன்று மேலாண்மைக் கல்லூரி வகுப்பறை முதல் பேச்சுப் பயிற்சிப் பட்டறை வரை நம் நாட்டிலும் ஓதப்படுகின்றன. எந்தப் பேச்சை எடுத்தாலும் மூன்று கட்டம் போட்டு அதில் அடைத்துவிடலாம் என்ற எண்ணம் இதனால் ஊன்றிவிட்டது.

அந்த வகைப்பாடு பிறந்த சூழல் வேறு. ஏதென்ஸ் நகரத்தின் பேரவையிலும் நீதிமன்றத்திலும் கேட்பவர்கள் வாக்களிக்கும் உரிமை பெற்ற குடிமக்கள். பேசுபவரும் அவர்களில் ஒருவர். பெண்களும் அடிமைகளும் வெளியே நின்றார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கிடையே ஒருவகைச் சமநிலை இருந்தது. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே அந்தச் சமநிலை இல்லாத இடத்தில், அரசன் சிற்றரசனுக்கு எழுதும்போது, புலவன் அரசனிடம் இரக்கும்போது, திவான் வாக்குரிமையற்ற சபையிடம் பேசும்போது, இணங்கவைத்தல் எதன்மேல் நிற்கிறது? இந்தக் கேள்வியை மைசூரோடு தொடர்புள்ள சில ஆவணங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மூன்று வழிகளையும் புறக்கணிப்பது என் நோக்கமன்று. அவற்றுக்கு முன்பாகவே தீர்மானமாகிவிடும் ஒன்று உண்டு, அது இருவருக்கும் இடையிலான உறவு என்பதே என் வாதம்.

2. தஞ்சையிலிருந்து மைசூருக்கு

கௌடில்யர் பெயரில் வழங்கும் அரசியல் நூலான அர்த்தசாஸ்திரத்தின் முழுப் பிரதி வெளியுலகுக்குத் தெரியவந்தது மைசூரில். 1891இல் தொடங்கப்பட்ட அரசுக் கீழைச்சுவடி நூலகத்துக்குத் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் ஓலைச்சுவடி ஒன்றைக் கொடுத்தார். கிரந்த எழுத்தில் இருந்தது. இரண்டாம் அதிகரணத்தின் ஒரு பகுதிக்குப் பட்டசுவாமி செய்த உரையின் துண்டும் உடன் இருந்தது. நூலகர் ருத்ரப்பட்டண சாமசாஸ்திரி அதை அடையாளம் கண்டு 1905 முதல் பகுதி பகுதியாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 1909இல் மூலமும் 1915இல் முழு மொழிபெயர்ப்பும் நூலாயின.

அதன்பின் நூலைப் படித்தவர்கள் ஒற்றர் அதிகாரத்தையும் வரி அதிகாரத்தையும் தேடித்தேடிப் படித்தார்கள். 1919இல் மாக்ஸ் வேபர், இதனோடு ஒப்பிட்டால் மாக்கியவெல்லியின் நூல் தீங்கற்றது என்ற பொருளில் பேசினார். அன்றுமுதல் கௌடில்யர் என்றாலே தந்திரம் என்றாயிற்று. காலத்தைப் பற்றிய விவாதமும் இன்னொரு பக்கம் நடந்தது. மௌரியர் காலத்தது என்றார் ஆய்வாளர் காங்லே. 1971இல் டிராட்மன் சொல்லாட்சிகளைப் புள்ளியியல் முறையில் எண்ணிப் பார்த்து இது ஒரே கையால் எழுதப்பட்டதன்று என்றார். ஒலிவெல் பொது ஊழித் தொடக்கத்தை ஒட்டிய நூற்றாண்டுகளுக்கு நகர்த்தினார். இந்தச் சந்தடியில் இரண்டாம் அதிகரணத்தின் பத்தாம் அத்தியாயம் பெரிதாகப் பேசப்படவில்லை. அரசாணையும் மடலும் எழுதும் முறை பற்றிய அத்தியாயம் அது. அரசு எழுத்தர்களுக்கான கையேடு என்று ஒதுக்கிவிட்டார்கள் போலும். எழுத்தர் கையேடுதான்; ஆனால் அந்த எழுத்தரின் வேலையே எதிரில் இருப்பவரை இணங்கவைப்பது.

3. லேகனுக்குச் சொன்னவை

அத்தியாயம் ஆணைகளின் முதன்மையைச் சொல்லித் தொடங்குகிறது: போரும் சமாதானமும் அவற்றில் வேர்கொண்டவை. அடுத்து லேகன், அதாவது அரசு எழுத்தன், எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்கிறது. அமைச்சனுக்குரிய தகுதிகள், எல்லா மரபுகளையும் அறிந்திருத்தல், விரைவாக வாக்கியம் அமைத்தல், நல்ல கையெழுத்து, பிறர் எழுதியதைப் படிக்கும் திறன். அரசன் சொல்வதை மனம் சிதறாமல் கேட்டு, பொருள் தெளிவாகும்படி எழுத வேண்டும்.

உடனே வருவதுதான் நமக்கு வேண்டிய இடம். மடல் யாருக்குப் போகிறதோ அவரது பிறப்பு, குலம், பதவி, வயது, கல்வி, தொழில், செல்வம், ஒழுக்கம், நாடு, காலம், மண உறவு ஆகியவற்றை எண்ணிப்பார்த்த பிறகே அவருக்குத் தக்க மடலை எழுத வேண்டும் என்கிறது நூல். நாடாள்பவருக்கு எழுதினால் நாட்டையும் ஆட்சியையும் வம்சத்தையும் பெயரையும் குறிக்க வேண்டும். அல்லாதவருக்கு நாடும் பெயரும் போதும். இன்று எந்த அலுவலகத்தில் கடிதம் எழுதினாலும் 'மதிப்பிற்குரிய' போடுவதா வேண்டாமா என்று ஒரு நொடி யோசிக்கிறோம் அல்லவா, அந்த நொடியை இந்நூல் இலக்கணமாக்கியிருக்கிறது.

நல்ல மடலுக்கு ஆறு குணங்கள். முதன்மையானதை முன்வைத்து வரிசைப்படுத்தல், பின்னே சொல்வது முன்னே சொன்னதோடு முரணாமல் இருத்தல், நிறைவு, இனிமை, கொச்சை கலவாத உயர்வு, தெளிவு. இவற்றுள் நிறைவு என்பதை விளக்கும்போது சொல் கூடாமலும் குறையாமலும் இருப்பதோடு, ஏதுவும் மேற்கோளும் எடுத்துக்காட்டும் கொண்டு பொருளைச் சொல்லும்படி கூறுகிறது. அரிஸ்டாட்டில் தனித் தூணாக நிறுத்திய தருக்கம் இங்கே ஆறில் ஒன்றின் உட்பிரிவு. தருக்கம் தாழ்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. மடலில் அது இருந்தே தீரும். ஆனால் மடலின் திசையைத் தீர்மானிப்பது அது அல்ல.

திசையைத் தீர்மானிப்பவை மடலின் பதின்மூன்று நோக்கங்கள்: நிந்தை, புகழ்ச்சி, வினவல், செய்தி உரைத்தல், வேண்டல், மறுத்தல், குறைகூறல், விலக்கல், ஏவல், தேற்றல், இடுக்கணில் துணைவருதல், அச்சுறுத்தல், இணக்கப்படுத்தல். அவற்றின் பின்னே சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களும் இதே அத்தியாயத்தில் விளக்கப்படுகின்றன. சாமத்தை ஐந்தாகப் பகுத்திருக்கும் இடம்தான், என் மதிப்பீட்டில், இந்த அத்தியாயத்தின் உயிர். ஒன்று, எதிரிலிருப்பவரின் குலம், உருவம், செயல், இயல்பு, கல்வி, செல்வம் ஆகியவற்றைப் போற்றுதல். இரண்டு, உறவை எடுத்துக்கூறல். இரத்த உறவு, கொண்டு கொடுத்த உறவு, ஆசிரியர் மாணவர் தொடர்பு, வேள்வித் தொடர்பு, குல நட்பு, மன நெருக்கம், தோழமை என இதற்குள்ளேயே ஒரு பட்டியல். மூன்று, இருவரும் ஒருவருக்கொருவர் உதவக்கூடிய வகையைக் காட்டல். நான்கு, இப்படிச் செய்தால் நம் இருவருக்கும் இன்னது விளையும் என்று வருங்காலத்தைக் காட்டி ஆசையூட்டல். ஐந்து, நானும் நீயும் வேறல்லர், என் பொருளை உன் வேலைக்கு எடுத்துக்கொள் என்று தன்னையே ஒப்படைத்தல்.

இந்த ஐந்தில் முதலாவது எதிரிலிருப்பவரைப் பற்றியது. மற்ற நான்கும் இருவருக்கும் இடையில் உள்ளதைப் பற்றியவை: நேற்று இருந்த உறவு, இன்று உள்ள பரிமாற்றம், நாளை வரப்போகும் நன்மை, கடைசியில் எல்லையே இல்லாத ஒன்றிப்பு. அனுப்புபவர் எவ்வளவு நல்லவர், எவ்வளவு அறிவாளி என்பதற்கு இந்த ஐந்தில் இடமே இல்லை. அரசனின் அதிகாரம் முத்திரையிலேயே இருக்கும்போது அதை மடலில் நிறுவ வேண்டிய தேவை இல்லை என்று நூலாசிரியர் கருதியிருக்கலாம்.

4. மறுப்பு ஒன்று

உறவைச் சுட்டுவதும் உணர்ச்சியைத் தூண்டுவதுதானே, அதைப் பாத்தோஸ் கட்டத்தில் போட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அரிஸ்டாட்டிலும் தம் நூலின் இரண்டாம் பகுதியில் நட்பைப் பற்றி நுட்பமாகவே எழுதியிருக்கிறார். பேசுபவரின் நம்பகத்துக்குரிய மூன்று கூறுகளில் நல்லெண்ணத்தையும் சேர்த்திருக்கிறார். ஆனால் அங்கே நட்பு என்பது கேட்பவர் உள்ளத்தில் எழுப்ப வேண்டிய ஒரு நிலை. அர்த்தசாஸ்திரத்தில் உறவு என்பது எடுத்துக்காட்ட வேண்டிய ஒரு செய்தி. உன் பாட்டனும் என் பாட்டனும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் என்று எழுதுவது உணர்ச்சியைத் தொடலாம், தொடாமலும் போகலாம். அது ஒரு கடப்பாட்டை நினைவூட்டுகிறது. மறுப்பவர் மனம் நெகிழாததால் அல்ல, கடன் தவறுவதால் குற்றவாளியாகிறார். உணர்ச்சிக்கும் சான்றுக்கும் நடுவே நிற்கும் இந்தக் கடப்பாட்டு முறையை மூன்று கட்டங்களில் எதில் போட்டாலும் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தானம், பேதம், தண்டம் ஆகியவற்றைச் சாமத்தோடு ஒரே வரிசையில் வைக்கிறது நூல். ஐயத்தை விளைவிப்பதும் மிரட்டுவதும் பேதம் என்கிறது. ஏதென்ஸ் மரபு சொல்லால் இணங்கவைப்பதையும் பலவந்தத்தையும் எதிரெதிராக வைத்துப் பேசியது. அதிகாரம் படைத்தவரின் இனிய சொல்லுக்குப் பின்னால் தண்டம் காத்திருக்கிறது என்பதை லேகனின் அத்தியாயம் மறைக்கவில்லை. வெட்கமில்லாத நேர்மை என்று இதைச் சொல்லலாம்.

5. பாறையில் இருக்கும் மாற்றுச் சாட்சி

நூல் சொல்லும் இலக்கணத்தை நடைமுறை மீறிய இடம் மைசூர் நாட்டிலேயே கிடைக்கிறது. 1892இல் பி. எல். ரைஸ் சித்திரதுர்க்கப் பகுதியில் பிரம்மகிரி, சித்தாபுரம், ஜடிங்க ராமேஸ்வரம் ஆகிய மூன்று இடங்களில் அசோகரின் சிறு பாறைச் சாசனங்களைக் கண்டறிந்தார். சாசனம் சுவர்ணகிரியில் இருந்த இளவரசன், மகாமாத்திரர்கள் என்னும் உயர் அதிகாரிகள் வழியாக இசிலத்து மகாமாத்திரர்களுக்குச் செல்கிறது. முதலில் நலம் விசாரிக்கிறது. இதுவரை லேகனின் இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. யார் வழியாக யாருக்கு என்ற படிநிலை ஒவ்வொரு சொல்லிலும் தெரிகிறது.

பிறகு வருவது வேறு. இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக உபாசகனாக இருந்தும் முதலில் தான் ஊக்கத்தோடு முயலவில்லை என்றும், பௌத்த சங்கத்தை அணுகிய பின்னரே முனைந்ததாகவும் அரசன் சொல்கிறான். பெரியவர்களுக்கு மட்டுமன்றி எளியவனுக்கும் முயற்சியால் சொர்க்கம் கிட்டும் என்கிறான். அதிகாரம் முத்திரையில் இருந்தும், தன் குறையைச் சொல்லித் தன்மேல் நம்பகத்தை உண்டாக்குகிறான். பேச்சினுள்ளேயே நம்பகத்தைக் கட்ட வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிரேக்கப் பேச்சுகளிலும் எளிதில் கிடைக்காது. கல்லில் வெட்டியவன் பெயர் சபடன். தன் தொழிலைக் குறிக்கும் சொல்லை அவன் கரோஷ்டி எழுத்தில் பொறித்திருக்கிறான். மைசூர் மலையில், வடமேற்கு எல்லை எழுத்தில் ஒரு லேகனின் கையொப்பம்!

இதிலிருந்து பெறக்கூடிய முடிவுகள் இரண்டு. அர்த்தசாஸ்திரத்தின் இந்த அத்தியாயம் மௌரிய அரசு அலுவலகத்தின் நடைமுறை விவரணை என்ற எண்ணத்துக்கு இது எதிரானது. அசோகரின் சாசனங்கள் தென்னாட்டில் பிராகிருதத்தில் இருக்க, அத்தியாயமோ அறுபத்துமூன்று எழுத்துகளையும் நால்வகைச் சொற்களையும் பேசிச் சமஸ்கிருத இலக்கணத்தை முன்னிறுத்துகிறது. கி.பி. 150ஐ ஒட்டிய ருத்ரதாமனின் ஜூனாகட் கல்வெட்டு உரைநடைக்குச் சொல்லும் தெளிவு, இனிமை, உயர்வு என்ற குணங்களே இந்த அத்தியாயத்தின் குணங்களை நெருங்கிவருகின்றன. பிற்காலத்தது என்பவர் பக்கமே என் சாய்வு. இரண்டாவது முடிவு, உறவு வழியும் நம்பக வழியும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பது. அசோகருக்கு அந்தப் பகுதி மக்களோடு குலத்தொடர்போ மணத்தொடர்போ இருந்ததாகத் தெரியவில்லை. சுட்டிக்காட்ட உறவு இல்லாதபோது தன்னையே எடுத்துக்காட்டாக வைக்க வேண்டியதாயிற்று. உறவுதான் மற்ற வழிகளில் எது திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்ற என் வாதத்தை இந்தப் பாறை மறுக்கவில்லை; அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது.

6. கீழிருந்து மேலே

லேகனின் அத்தியாயத்தில் உள்ள பெருங்குறை, எல்லா மடலும் அரசனிடமிருந்து கிளம்புவது. குடிமகன் அரசனுக்கு எழுதுவது எப்படி என்று அது கற்பிப்பதில்லை. அந்த இடத்தை நிரப்பப் புறநானூற்றுக்குத்தான் வர வேண்டும்.

உறையூரை முற்றிய நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைபட்ட நெடுங்கிள்ளியிடமும் கோவூர் கிழார் பேசிய 45ஆம் பாட்டின் வாதம் முழுக்க உறவின்மேல் நிற்கிறது. எதிரில் இருப்பவன் சேரனுடைய பனம்பூவையோ பாண்டியனுடைய வேம்பையோ சூடவில்லை. இருவர் கண்ணியும் ஆத்திதான். யார் தோற்றாலும் தோற்பது ஒரே குடி. இருவரும் வெல்வது நடவாத காரியம். உங்கள் சண்டையைக் கண்டு மகிழ்வது உங்களைப் போன்ற பிற வேந்தர்தான். உறவை எடுத்துக்கூறல், பயனைக் காட்டல், நாளைய விளைவைக் காட்டல் என்னும் மூன்று சாம வழிகளும் சில அடிகளுக்குள் வந்துவிடுகின்றன. நடுவே ஒரு கூர்மையான தருக்கமும் இருக்கிறது. ஆனால் ஒரே குடி என்ற அடிப்படை இல்லாவிட்டால் அந்தத் தருக்கத்துக்கு வலுவே இல்லை.

46ஆம் பாட்டில் நிலைமை இதைவிடக் கடுமை. மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடத் துணிந்த கிள்ளிவளவனிடம், புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன் நீ என்று கோவூர் கிழார் முன்னோரை நினைவூட்டுகிறார். இவர்களோ புலவருக்குப் பகிர்ந்துண்ட குடியினர் என்கிறார். யானையைப் பார்த்து அழுகையை மறந்து, புதிய மன்றத்தைக் கண்டு மருண்டு நிற்கும் சிறுவரைக் காட்டுகிறார். முடிவில், சொல்ல வேண்டியதைச் சொன்னேன், இனி உன் விருப்பம் என்று விட்டுவிடுகிறார். குலத்தைப் போற்றுதல் முதலில், இரக்கம் பிறகு. வரிசை மாறியிருந்தால் அது வெறும் கெஞ்சலாகியிருக்கும். கடைசியில் விலகிக்கொள்வதுதான் புலவருக்கு இருக்கும் ஒரே அதிகாரம். தண்டம் அவர் கையில் இல்லை. இருந்தாலும் தீர்ப்பின் சுமையை அரசன் தோளில் வைத்துவிட்டுப் போக அவரால் முடிகிறது.

தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனது படைக்கலங்கள் பீலியும் மாலையும் அணிந்து நெய் பூசிக் காவல்மனையில் இருப்பதையும், அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டடையில் கிடப்பதையும் சொன்னது நாம் பள்ளியிலேயே படித்தது. புகழ்வது போன்ற அச்சுறுத்தல் அது. லேகனின் பட்டியலில் புகழ்ச்சியும் அச்சுறுத்தலும் தனித்தனி நோக்கங்கள். ஔவையார் இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறார். திருக்குறள் தூதுக்கும் சொல்வன்மைக்கும் அவையறிதலுக்கும் தனித்தனி அதிகாரம் வைத்து, மூன்றையும் பொருட்பாலில் சேர்த்திருப்பதும் இங்கே கருதத்தக்கது.

7. தசராக்கால சபை

1881 மார்ச்சில் ஆங்கிலேயர் மைசூர் ஆட்சியைச் சாமராஜேந்திர உடையாரிடம் திரும்ப ஒப்படைத்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள் மைசூரில் பிரதிநிதிகள் சபை முதல்முறையாகக் கூடியது. 144 பேர் வந்தனர். கூட்டியவர் செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த திவான் ரங்காசார்லு. தாலுகாக்களிலிருந்து நிலம் உழுவிப்போரும் மாவட்டங்களிலிருந்து முன்னணி வணிகரும் அழைக்கப்பட்டிருந்தனர். தசராவையொட்டி ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம். திவான் வரவுசெலவையும் திட்டங்களையும் எடுத்துரைப்பார். உறுப்பினர் தத்தம் பகுதிக் குறைகளை முன்வைப்பர். வாக்களிப்பு இல்லை.

வாக்கே இல்லாத சபையை ஏன் இணங்கவைக்க வேண்டும்? சூழலைப் பார்த்தால் விடை கிடைக்கும். 1876-78 பஞ்சத்துக்கு முன்பு ஏறத்தாழ 50 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881 கணக்கில் 42 லட்சமாகச் சுருங்கியிருந்தது. பஞ்சக் கடன் மட்டும் 80 லட்சம் ரூபாய். வரி கொடுப்பவரின் ஒத்துழைப்பு இல்லாமல் புது அரசு நிற்காது. உருவத்தில் அது பேரவை. உள்ளே நடந்ததோ, மேலிருந்து கீழே போகும் சாசனமும் கீழிருந்து மேலே வரும் விண்ணப்பமும் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டது.

சபையை உண்டாக்கிய ரங்காசார்லுவும், அவருக்குப் பின் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரும் மைசூருக்கு வெளியே பிறந்து சென்னை மாகாண நிர்வாகத்தில் பணியைத் தொடங்கியவர்கள். உறவைச் சுட்டும் வழி அவர்களுக்கு அடைபட்டிருந்தது. மைசூர் மைசூராருக்கே என்ற குரல் எழுந்தபோது அந்த அடைப்பே அவர்களுக்கு எதிரான வாதமாயிற்று. ரயில்பாதை, கோலார் தங்கம், சிவசமுத்திரத்தில் 1902இல் தொடங்கிய மின்னுற்பத்தி என்று வருங்காலத்தைக் காட்டும் ஆட்சிமொழி மைசூரில் அவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். நேற்றைய உறவைக் காட்ட முடியாதவர் நாளைய நன்மையைக் காட்டுகிறார். லேகனின் ஐந்து சாம வழிகளில் இரண்டாவது மூடியிருந்ததால் நான்காவது அகலத் திறந்தது.

1912இல் திவானான விசுவேசுவரய்யா மைசூரில் பிறந்தவர். ஆயினும் அந்த நான்காம் வழியை அவர் விடவில்லை. அதற்கு எதிராக வந்த வாதம் புதுமாதிரியானது. 1917இல் பிராமணரல்லாதார் பிரஜாமித்திர மண்டலியை அமைத்தனர். முந்தைய ஆண்டு டிசம்பரில் சென்னையில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளியாகியிருந்தது. மண்டலி மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரிடம் முறையிட்டது. தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் 1918இல் ஒரு குழு அமைந்தது. மக்கள்தொகையில் யாருக்கு எவ்வளவு பங்கு, பதவியில் எவ்வளவு பங்கு என்ற ஒப்பீடு இந்த வழக்கின் நடுவே இருந்தது. 1919 அறிக்கையின் பரிந்துரையும் பின்னங்களாகவே வந்தது: ஏழாண்டுகளுக்குள் உயர்பதவிகளில் பாதிக்கும், கீழ்ப்பதவிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறையாமல் பிராமணரல்லாதாருக்கு.

எண் என்பது லோகோஸ் கட்டத்தைச் சேர்ந்தது என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் அந்த எண் எதை நிறுவியது என்று கேட்டால் மீண்டும் உறவுக்கே வருகிறோம். அரசனுக்கும் குடிகளுக்கும் உள்ள தொடர்பு எல்லாக் குடிகளோடும் ஒத்ததாக இருக்க வேண்டும், இப்போது இல்லை என்பதே அந்த விகிதங்களின் உள்ளுறை. கோவூர் கிழார் ஆத்திக் கண்ணியைக் காட்டிய இடத்தில் மண்டலி மக்கள்தொகைக் கணக்கைக் காட்டியது. நிர்வாகத் திறன் கெடும் என்று கருதிய விசுவேசுவரய்யா பதவியிலிருந்து விலகினார். அவரது வாதமும் நாட்டின் நாளையைத்தான் சுட்டியது. மண்டலியின் வாதமும் அதையே சுட்டியது. ஒரே வழியில் எதிரெதிராக வந்த இரு தரப்பும் இணங்கவைக்க வேண்டியிருந்தது சபையை அல்ல, மகாராஜா ஒருவரை. அவர் 1921இல் குழுவின் பரிந்துரையை ஏற்று ஆணையிட்டார். பிரதிநிதிகள் சபைக்குச் சட்டத் தகுதி கிடைத்து, புது வரி போடும்முன் அதைக் கலந்தாக வேண்டும் என்ற விதி வந்தது அதற்கும் இரண்டாண்டு கழித்து, 1923இல்.